அல் கபோன், எலியட் நெஸ், கொஞ்சம் சேலம்

கால இயந்திரம் என்று ஒன்று கதையில் வந்துவிட்டால் போதும், எவ்வளவு சொதப்பலான தொடராக இருந்தாலும் நான் கடைசி வரை உட்கார்ந்து பார்த்துவிடுவேன். சூப்பர் ஹீரோவும் சேர்ந்து வந்தால் கேட்கவே வேண்டாம். அப்படிப் பார்த்தது 'லெஜண்ட்ஸ் ஆஃப் டுமாரோ'. 2016-ல் ஆரம்பித்து 2022 வரை ஏழு சீசன் ஓடிய அமெரிக்கத் தொடர். பெரிய ஹீரோக்கள் லிஸ்டில் இடம் கிடைக்காத ஆட்களை எல்லாம் ஒரு கப்பலில் ஏற்றி, காலத்தில் முன்னும் பின்னும் அனுப்பி வைப்பார்கள். வரலாற்றில் எங்காவது யாராவது கை வைத்துவிட்டால் இவர்கள் போய் சரி செய்ய வேண்டும். சரி செய்யப் போகிற இடத்தில் இவர்களே இன்னும் நாலு விஷயத்தைக் கெடுத்துவிட்டு வருவார்கள் என்பதுதான் தொடரின் சுவாரசியம் :)

அதில் இரண்டாவது சீசனின் எட்டாவது எபிசோட், 'தி சிகாகோ வே'. 2016 டிசம்பர் 8 அன்று ஒளிபரப்பானது. இந்தத் தடவை கப்பல் இறங்குவது 1927, சிகாகோ. தொப்பி, கோட்டு, டாமி கன், ஜாஸ் இசை, மதுவிலக்குக் காலத்தில் ரகசியமாக நடக்கும் குடி விடுதி. அல் கபோன் என்ற தாதாவைப் பிடிக்க வேண்டியவர் எலியட் நெஸ் என்ற அதிகாரி. எதிர்காலத்திலிருந்து வந்த வில்லன்கள் கபோனுடன் கூட்டுச் சேர்ந்து நெஸ்ஸைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறார்கள். நெஸ் இல்லாவிட்டால் கபோன் உள்ளே போக மாட்டான், சிகாகோ அவன் கைக்குப் போய்விடும். நம் ஆட்கள் கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள்.

நாற்பது நிமிஷம் போவதே தெரியாது. ஆனால் பார்த்து முடித்த பிறகு எனக்குள் ஒரு கேள்வி உட்கார்ந்துகொண்டது. கபோனைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். அப்புறம் அது என்னை எங்கள் ஊருக்கே கொண்டுவந்து விட்டுவிட்டது. எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் நிஜமான கபோன். அமெரிக்காவில் மதுவிலக்கு 1920 ஜனவரியில் அமலுக்கு வந்தது. நாடு முழுக்க, அரசியலமைப்பையே திருத்தி. குடிப்பவர்கள் குடிப்பதை நிறுத்தவில்லை. விற்பவர்கள் மட்டும் மாறினார்கள். கபோன் 1925-ல் சிகாகோ கும்பலின் தலைவன் ஆனபோது அவனுக்கு வயது 26. நாலே வருஷம் கழித்து, 1929 காதலர் தினத்தன்று, எதிர்க் கும்பலைச் சேர்ந்த ஏழு பேரை ஒரு கேரேஜில் சுவரைப் பார்த்து நிற்க வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். கபோனின் ஆட்கள்தான் என்று ஊரே நம்பியது. யாரும் தண்டிக்கப்படவில்லை.

கடைசியில் அவனை மாட்டிவிட்டது எது தெரியுமா? வருமான வரி. 1931 அக்டோபரில் வரி ஏய்ப்புக்காக 11 வருஷம் சிறை. கொலைக்கு இல்லை, சாராயத்துக்கும் இல்லை. நெஸ் கோஷ்டி சாராய ஆலைகளை உடைத்து நொறுக்கியது உண்மைதான். ஆனால் வழக்கை ஜெயித்துக் கொடுத்தவர்கள் வருமான வரித் துறையில் உட்கார்ந்து கணக்குப் புத்தகங்களைப் புரட்டிய ஆட்கள். 1957-ல் வந்த புத்தகமும், அதன் பிறகு வந்த டிவி தொடரும், 1987-ல் வந்த 'தி அன்டச்சபிள்ஸ்' படமும் சேர்ந்துதான் நெஸ்ஸை அவ்வளவு பெரிய ஹீரோ ஆக்கின. கணக்குப் பிள்ளையை வைத்து யார் படம் எடுப்பார்கள்?

இதில் ஒரு அழகான தற்செயல் இருக்கிறது. சட்டவிரோதமாகச் சம்பாதித்த பணத்துக்கும் வரி கட்டத்தான் வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, கள்ளச் சாராயம் விற்ற ஒருவரின் வழக்கில். எந்த வருஷம்? அதே 1927. கபோனின் கதை முடிந்தது உண்மையில் அந்தத் தீர்ப்பில்தான். நம் சூப்பர் ஹீரோக்கள் டாமி கன்னுக்கு நடுவே உருண்டு புரண்ட அதே வருஷத்தில், வாஷிங்டனில் வயசான நீதிபதிகள் சத்தமில்லாமல் வேலையை முடித்துவிட்டார்கள்.

எபிசோட் தொடாத இன்னொரு விஷயமும் அதே சமயத்தில் நடந்தது. தொழிற்சாலைக்குப் போகும் ஆல்கஹாலைத் திருடிச் சுத்தப்படுத்தி விற்கிறார்கள் என்று, அதில் மெத்தனால் அளவை அரசாங்கமே கூட்டச் சொன்னது. 1926 கடைசியில் எடுத்த முடிவு, 1927-ல் அமல். குடித்தால் செத்துப் போவார்கள் என்று தெரிந்தே செய்தார்கள். மதுவிலக்கு முடிவதற்குள் இப்படி ஆயிரக்கணக்கானவர்கள் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். கபோனால் செத்தவர்களை விட இது எத்தனையோ மடங்கு அதிகம். கால இயந்திரத்தில் போய் இறங்கியவர்கள் யாரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 1933 டிசம்பரில் மதுவிலக்கே எடுக்கப்பட்டுவிட்டது.

சரி, இப்போது எங்கள் ஊருக்கு வருவோம்.

அமெரிக்காவில் மதுவிலக்கு போய் நாலே வருஷத்தில், 1937 அக்டோபர் 1 அன்று, சென்னை மாகாணத்தில் ஒரே ஒரு மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. அது சேலம். பிரதமர் (அப்போது முதலமைச்சரை அப்படித்தான் சொல்வார்கள்) ராஜாஜி. அந்தச் சேலம் மாவட்டம் இன்றைய சேலம் மட்டும் இல்லை. நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அதற்குள்தான். தர்மபுரி 1965-லும் நாமக்கல் 1997-லும்தான் தனி மாவட்டம் ஆயின. அதாவது இன்று நாலு கலெக்டர்கள் ஆளுகிற பூமியில் ஒரே நாளில் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் மூடப்பட்டன.

ஏன் சேலம்? ராஜாஜிக்கு இது சொந்த மண். சேலத்தில் வக்கீலாக இருந்தவர், 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர். 1925-ல் திருச்செங்கோடு பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் ஆரம்பித்து அங்கேயே குடியிருந்தார். கதர், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு மூன்றும்தான் அங்கே வேலை. மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். அதில் அவருக்குத் துணையாக வேலை பார்த்தவர் யார் என்றால் கல்கி. ஆமாம், பொன்னியின் செல்வன் கல்கியேதான். நாமக்கல் மாவட்டத்து ஆசிரமத்தில் உட்கார்ந்து குடியின் கேட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். ஊர்ப் பக்கம் இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

இதிலும் வரி வருகிறது பாருங்கள். கள், சாராய வருமானம் மாகாண கஜானாவில் பெரிய பங்கு. மதுவிலக்கை ஒவ்வொரு மாவட்டமாக விரிக்க வேண்டும் என்றால் அந்தப் பணத்துக்கு வேறு வழி வேண்டும். அதற்காக ராஜாஜி கொண்டுவந்ததுதான் 1939-ன் விற்பனை வரி. சிகாகோவில் மதுவிலக்கை மீறியவனை வரி பிடித்தது. சேலத்திலோ மதுவிலக்கே ஒரு வரியைப் பெற்றுப் போட்டது. இரண்டு ஊரிலும் துப்பாக்கியை விடக் கணக்குப் புத்தகத்துக்குத்தான் வேலை அதிகம்.

அப்படியென்றால் சேலத்தில் ஏன் ஒரு கபோன் வரவில்லை? இதுதான் எனக்குள் உட்கார்ந்த கேள்வி. எனக்குத் தோன்றிய பதில் இது. சிகாகோவில் குடித்தவர்களிடம் பணம் இருந்தது. பீரும் விஸ்கியும் ஆலையில் காய்ச்சி, லாரியில் ஏற்றி, விடுதியில் விற்கிற பெரிய தொழில். அதைப் பிடித்தவன் ஊரைப் பிடித்தான். நம்மூரில் கள் பனைமரத்தில் இருந்தது. காலையில் இறக்கியது சாயங்காலத்துக்குள் புளித்துப் போகும். வாங்குகிறவன் கையில் அன்றைய கூலி மட்டும்தான். இதில் கோடீஸ்வரன் ஆவது எப்படி? திருட்டுத்தனமாகக் காய்ச்சினாலும் மலையடிவாரத்தில், ஓடை ஓரத்தில், ஒரு பானை இரண்டு பானை. தாதா உருவாக ஒரு சந்தை வேண்டும், அது இங்கே இல்லை. வறுமை நம்மைக் காப்பாற்றிய ஒரே இடம் இதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் தாதாக்கள் சேலத்துக்கு வராமலும் இல்லை. ஏற்காடு ரோட்டில் வந்து இறங்கினார்கள், மேக்கப் போட்டுக்கொண்டு.

மாடர்ன் தியேட்டர்ஸைத்தான் சொல்கிறேன். திருச்செங்கோட்டுக்காரர் டி.ஆர்.சுந்தரம், இங்கிலாந்தில் ஜவுளித் தொழில் படித்துவிட்டு வந்து சேலத்தில் ஆரம்பித்த ஸ்டூடியோ. முதல் படம் 'சதி அகல்யா', 1937. கள்ளுக்கடை மூடிய அதே வருஷம், அதே ஊரில் சினிமா திறந்தது! மாலை நேரத்துக்கு ஊருக்கு ஒரு வேலை வேண்டுமே. முதல் மலையாளப் பேசும் படம் 'பாலன்' (1938) இங்கிருந்துதான் போனது. தமிழில் முதல் முழுநீளக் கலர் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) இவர்களுடையது. 1963-ல் சுந்தரம் இறந்த பிறகு மகன் ராமசுந்தரம் நடத்தினார். 'வல்லவன் ஒருவன்', 'இரு வல்லவர்கள்' (இரண்டும் 1966), 'சிஐடி சங்கர்' (1970), 'கருந்தேள் கண்ணாயிரம்' (1972) என்று வரிசையாக வந்தன. ஜெய்சங்கருக்குத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்று பெயர் வந்ததே இந்த மாதிரிப் படங்களால்தான். சேலத்து வெயிலில் கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு, ரகசியக் கதவு திறந்து, கையில் கிளாஸோடு சுழல் நாற்காலியில் திரும்புகிற வில்லன்கள். கவனிக்கவும், அந்தப் படங்கள் வந்த 1966-ல் மாநிலம் முழுக்க மதுவிலக்கு. குடிக்கிற சீனைப் பார்க்கவாவது தியேட்டருக்கு வந்திருப்பார்கள் போல.

சூப்பர் ஹீரோ விஷயமும் விட்டுப் போகவில்லை. 1952-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் ஒரு அமெரிக்கக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 'தி ஜங்கிள்' என்று இங்கிலீஷ் படம் எடுத்தது. தமிழில் 'காடு'. அதில் நடித்த ஹாலிவுட் நடிகர் சீசர் ரொமேரோ. 1966-ல் வந்த 'பேட்மேன்' டிவி தொடரில் மீசையை எடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்து, அதன் மேலேயே வெள்ளைப் பெயின்ட் அடித்துக்கொண்டு ஜோக்கராக வந்தாரே, அவரேதான். ஜோக்கருக்குச் சம்பளம் கொடுத்ததில் சேலத்துக்கும் பங்கு உண்டு. இன்றைக்கு ஏற்காடு ரோட்டில் மிஞ்சியிருப்பது அந்த நுழைவு வளைவு மட்டும்.

இது வரைக்கும் ஜாலியாகச் சொல்லிவிட்டேன். எபிசோடில் இன்னொரு இழை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது.

கப்பலின் கேப்டன் சாரா. அவளைப் பிடித்து வைத்துக்கொண்டு வில்லன்களில் ஒருவன் பேரம் பேசுகிறான். எங்களுக்கு வேண்டியதைக் கொடு, உன் கடந்த காலத்தையே மாற்றித் தருகிறோம், நீ பட்ட கஷ்டம் எதுவும் நடந்திருக்காது என்கிறான். அவள் மறுத்துவிடுகிறாள். அதே கப்பலில் பேராசிரியர் ஸ்டைன் ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டு தவிக்கிறார். முன்பு ஒரு பயணத்தில், இளவயதுத் தன்னையே சந்தித்து, மனைவியைக் கவனி என்று திட்டிவிட்டு வந்தார். அதன் விளைவு, அவருக்கு இல்லாத ஒரு மகள் இப்போது இருக்கிறாள். வரலாற்றில் ஏற்பட்ட பிழை அவள். பிழைகளைச் சரி செய்வதுதான் இவர்கள் வேலை. ஆனால் மகள் ஆயிற்றே!

இதைப் பார்க்கும்போது எனக்கு அப்புச்சி ஞாபகம் வந்தது. அப்புச்சியின் அப்பா திருச்செங்கோடு பக்கத்தில் மரமேறி. பாளை சீவி, முட்டி கட்டி, கள் இறக்கிப் பிழைத்தவர். 1937-ல் அந்தப் பிழைப்புப் போயிற்று. முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, தெளுவாக இறக்கலாம், காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கலாம். அவரும் கொஞ்ச காலம் அதைச் செய்து பார்த்தாராம். கருப்பட்டி விலையில் அடுப்பு எரியவில்லை. குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு காவிரிக் கரைக்கு, பள்ளிபாளையத்துக்கு வந்து கைத்தறியில் கூலிக்கு உட்கார்ந்தார். அப்புச்சி பிறந்தது அங்கேதான். தறிக்காரரான அவருக்குத் தறிக்காரர் வீட்டில் பெண் எடுத்தார்கள், அதுதான் அம்மாயி. பிறகு அம்மா, பிறகு நான். ராஜாஜி கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால் அப்புச்சியின் அப்பா மரத்தை விட்டு இறங்கியிருக்க மாட்டார். ஆக நானும் அந்தப் பேராசிரியரின் மகள் மாதிரிதான். ஒரு சட்டத்தின் பக்க விளைவு.

அதே வீட்டில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. என் மாமா, அம்மாவுக்கு அண்ணன். விசைத்தறியில் அவர் மாதிரி பாவு இணைக்க ஆள் கிடையாது என்பார்கள். திருவிழாவுக்குப் போனால் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு மேலே தேரைக் காட்டுவார். நான் ஒன்பதாவது படிக்கும்போது கல்லீரல் கெட்டுச் செத்துப் போனார். வயது 44. குடி.

கால இயந்திரம் கிடைத்தால் எந்த வருஷத்துக்குப் போய் மாமாவைக் காப்பாற்றலாம்? உட்கார்ந்து பட்டியல் போட்டுப் பார்த்தேன். 1948-ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது. 1971-ல் கருணாநிதி ஆட்சியில் விலக்கினார்கள், 1974-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறந்தது. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம், 1987-ல் கள்ளுக்குத் தடை, 1991-ல் ஜெயலலிதா ஆட்சியில் சாராயத்துக்குத் தடை, 2003-ல் சில்லறை விற்பனையும் அரசாங்கத்தின் கைக்கு. திறந்து மூடி, மூடித் திறந்து... இதில் எந்த வருஷத்தில் இறங்கி எதைத் தடுப்பது? மூடி வைத்தாலும் சும்மா இருக்காது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். கடைகள் திறந்திருந்த காலத்திலேயே, மலிவு என்பதற்காக அதை வாங்கிக் குடித்திருக்கிறார்கள். பிழைக்க வைக்க முடியுமா என்று சேலம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவர்களும் அதில் உண்டு. 1927-ல் அமெரிக்காவில் கொன்ற அதே மெத்தனால். கிட்டத்தட்ட நூறு வருஷம் தாண்டி அது மட்டும் கால இயந்திரம் இல்லாமலே வந்து சேர்ந்துவிட்டது.

ராஜாஜியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தக் காலத்துக் கூலிக்காரன் வீட்டுப் பெண்கள் அந்த அக்டோபர் மாதத்தை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. கடை திறந்ததால்தான் மாமா செத்தார் என்று ஒரே போடாகப் போடவும் முடியவில்லை. அதே தெருவில், அதே தறியில், குடிக்காதவர்களும் இருக்கிறார்கள். கபோன் மாதிரி ஒரு வில்லன் இருந்தால் வேலை சுலபம். கோட்டைப் போட்டுக்கொண்டு போய் நாலு சாத்து சாத்திவிட்டுக் கப்பலில் ஏறிவிடலாம். இங்கே யாரைப் போய்ச் சாத்துவது?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மாயியிடம் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். கப்பல், சாரா, தொப்பி வைத்த வில்லன், எல்லாம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அம்மாயி, உங்களுக்கு அந்த மாதிரி ஒண்ணு கெடச்சா எந்த வருசத்துக்குப் போவீங்க? சட்டத்த மாத்துவீங்களா?" என்று கேட்டேன்.

"சட்டமெல்லாம் நமக்கெதுக்கு கண்ணு. ஒரு சனிக்கெழமைக்குப் போனாப் போதும். உங்க மாமன் மொதமொதல்ல கூலி வாங்குனான் பாரு, அன்னிக்கி. பட்டற வாசல்ல நின்னு, 'குடு சாமி, நான் வெச்சிருக்கறே'ன்னு வாங்கிட்டு வந்துருவேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கி எனக்குத் தலவலி, போவுல" என்றார். நூல் கட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டார்.